பிளானிட்ஸாவுக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம்

மார்ச் கடைசி வாரத்தில் எட்டு நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டபோது கிளை மேலாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருடக் கணக்கு முடிகிற வாரத்தில் ஒரு குமாஸ்தா விடுப்புக் கேட்கிறான் என்றால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். "யாருக்கு சார், என்ன ஆச்சு?" என்றார். ஸ்லோவீனியா என்கிற தேசத்தில் காலில் பலகை கட்டிக்கொண்டு மனிதர்கள் மலைச்சரிவின் மேல் பறப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கவலை தோய்ந்த முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று கவுண்டருக்குத் திரும்பிவிட்டேன்.

பிளானிட்ஸா, இத்தாலி ஆஸ்திரிய எல்லைகளை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கு. ஸ்கீ பலகைகளோடு ஒரு மனிதன் முதன்முதலில் நூறு மீட்டரைத் தாண்டியது அங்கே, 1936இல். இருநூறைத் தாண்டியதும் அங்கேதான், 1994இல். 2025 மார்ச் 30ஆம் தேதி டோமன் ப்ரெவ்ட்ஸ் என்ற ஸ்லோவீனிய இளைஞர் 254.5 மீட்டர் பறந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் கிளையில் உட்கார்ந்து வட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிம்பிக்ஸில் இந்தப் பறத்தலுக்கு இடமில்லை. பந்தயம் நடக்கிற இத்தகைய குன்றுகள் இன்று உலகில் நான்கே நான்கு. பிளானிட்ஸாவின் முறை வருவது பெரும்பாலும் பருவத்தின் கடைசியில், அதாவது நம்முடைய கணக்குமுடிப்பு வாரத்தில்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஹெர்ஸாக். 1974இல் அவர் எடுத்த, முக்கால் மணி நேரம் ஓடுகிற ஒரு படம். அதன் நாயகர் வால்டர் ஸ்டைனர், மரச் சிற்பி, சுவிட்சர்லாந்துக்காரர். 1972 ஸப்போரோ ஒலிம்பிக்ஸில் தங்கத்தை ஒரு புள்ளியில் பத்திலொரு பங்கில் இழந்தவர். பிளானிட்ஸாவில் அவருக்கு நேர்ந்த சங்கடம் விசித்திரமானது. அவர் மற்றவர்களைவிட மிக நன்றாகப் பறக்கிறார், அதனால் செத்துப்போகக்கூடும். சரிவு ஓரிடத்தில் முடிந்து தரை சமமாகிவிடுகிறது. சாதாரணத் திறமைக்கு அளந்து கட்டிய குன்று அது. சரிவைத் தாண்டிப் போகிறவன் சமதரையில் மோத வேண்டியதுதான். ஒருமுறை விழுந்து அடிபட்டபின், மற்றவர்களைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து தானாகவே புறப்பட்டார் ஸ்டைனர். அப்படியும் வென்றார்.

கல்லூரி நாட்களில் ஒரு திரைப்படச் சங்கத்தில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இதைப் பார்த்தோம். வாய் திறந்தபடி ஸ்டைனர் காற்றில் மிதந்துகொண்டே இருந்தார். மின்விசிறிக் காற்றில் வேட்டி ஆடியபோது அவரும் ஆடினார். ஆனால் அந்த மிதப்பு ஹெர்ஸாகினுடையது. காட்சியை மெதுவாக்கியது அவர், சங்கீதம் சேர்த்தது அவர். நிஜத்தில் ஒரு பறத்தல் ஏழெட்டு விநாடி. அதிலும், பறப்பவன் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறான். அவன் விழ விழ, மலையும் அவனுக்கடியில் அதே சாய்வில் விழுந்துகொண்டிருக்கிறது. பறத்தல் என்று நாம் சொல்வது இந்த ஒத்திசைவைத்தான். தொலைக்காட்சியில் இது தெரியாது. அங்கே எந்தச் சரிவும் தட்டையாகிவிடுகிறது.

"டிவியிலேயே காட்டறாங்களே, அப்புறம் எதுக்குங்க?" என்ற மனைவியிடம் இதைச் சொன்னேன். பதிலுக்கு அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். விமானம், லூப்ளியானாவிலிருந்து பஸ், அறை வாடகை, விசாவுக்கு 90 யூரோ, காப்பீடு, எனக்கு இல்லாத கம்பளி உடுப்பு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம். அவள் நிறுத்திய இடத்தில் நான் தொடர்ந்தேன். கடைசி நாள் முப்பது பேர், இரண்டு சுற்று, ஆளுக்கு எட்டு விநாடி. மொத்தம் 480 விநாடி. விநாடிக்குச் சுமார் 520 ரூபாய். குமாஸ்தா புத்தி. இப்படிக் கணக்குப் போட்டபிறகும் ஆசை குறையவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

இந்த விளையாட்டில் தூரம் மட்டும் போதாது. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு இருபது புள்ளிவரை ரூபத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிடுவார்கள். எண்பதுகளில் யான் பொக்லெவ் என்ற ஸ்வீடன்காரர், பலகைகளை இணையாக வைக்காமல் முன்புறம் விரித்துப் பறந்தார். ரூபக்கேடு என்று நடுவர்கள் புள்ளிகளைக் குறைத்தார்கள். குறைத்தும், 1989இல் அவர் உலகக் கோப்பையை வென்றார். விரித்த பலகைகளுக்கடியில் காற்று அதிகம் தாங்குகிறது என்பதே விஷயம். சில வருடங்களில் எல்லோரும் அப்படியே பறக்க ஆரம்பித்தார்கள். இப்போது இணையாக வைத்துப் பறந்தால் விநோதமாக இருக்கும்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் இதே பத்திரிகையில் ஒரு இளைஞரின் முதல் தொகுதிக்கு இரண்டு பக்க மதிப்புரை எழுதினேன். உருவப் பிரக்ஞை இல்லை, வரிகள் கலைந்து கிடக்கின்றன என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அவர் கவிதை எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர் பொக்லெவ் என்று சொல்ல வரவில்லை. கலைந்த வரிகள் வெறுமனே கலைந்த வரிகளாகவும் இருக்கலாம். ஆனால் அவை காற்றைத் தாங்கினவா என்று நான் பார்க்கவில்லை. பலகைகள் இணையாக இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். என் விமர்சனத்தில் பெரும்பகுதி இப்படித்தான். பனியையே பார்த்திராமல் மூன்று வருடம் ஆங்கிலக் குளிர்காலக் கவிதைகளுக்கு நயம் எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான்.

அதனால் ஒருமுறையாவது, மதிப்பெண் போடுகிற பொறுப்பு எதுவும் இல்லாமல் குன்றின் அடியில் கூட்டத்தோடு நிற்க வேண்டும். எட்டு விநாடியை எட்டு விநாடியாகவே பார்க்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தால் இருக்கட்டும், அது என் ஏமாற்றம்.

விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு வரிசை. சுற்றுலா, வணிகம், கலாச்சாரம், விளையாட்டு, வைத்தியம். பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதை மூடி வைத்தேன். அந்தத் தொகுதியை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். முதலில் அதை மறுபடி படிக்க வேண்டும். அதற்கு விடுப்பு வேண்டாம்.

மேலாளருக்கு விண்ணப்பத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருக்கிறேன்.