மூலைமட்டமும் கவராயமும் மூணாறுக்கு வந்த வழி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொத்து வேலை. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்பாவும் சித்தப்பாவும் எழுப்பிய சுவர்கள் நிறைய நிற்கின்றன. மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, கவராயம், கரணை எல்லாம் எங்களுக்குச் சோறு போட்ட சாமான்கள். ஆயுத பூஜையன்று சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருக்கும். அப்படி வளர்ந்தவன், மூணாறுத் தோட்டத் துரைமார்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும்போது ‘லாட்ஜ் ஹெதர், எண் 928’ என்ற பெயரில் இடறி விழுந்தேன். மூணாறில் இயங்கிய ஃப்ரீமேசன் சபை அது. ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜின் பட்டியலில் இருப்பது. ஃப்ரீமேசன்களின் சின்னம் மூலைமட்டமும் கவராயமும். தேயிலை பயிரிட வந்த துரைக்குக் கொத்தனார் சாமானோடு என்ன சோலி? தேடல் அங்கே தொடங்கியது.

சின்னத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

“குண்டு எங்கடா கண்ணு? தூக்குக்குண்டு இல்லாம செவுரு எப்படி நிக்கும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சபையின் தலைவர் கழுத்துப் பட்டையில் மூலைமட்டம் தொங்கும். அவருக்கு அடுத்த மூத்த காவலரின் பட்டையில் ரசமட்டம். இளைய காவலரின் பட்டையில் தூக்குக்குண்டு. எல்லாம் வெள்ளியில். சொன்னதும் சித்தப்பா சிரித்தார். “அப்ப மேஸ்திரிக்கு மூலை, அடுத்தவனுக்கு மட்டம், சின்னவனுக்குக் குண்டு. செரியாத்தான் பிரிச்சிருக்கானுக.”

மூணாறுக்கு ஸ்காட்லாந்து வந்த வழியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். சுமார் 1,37,000 ஏக்கர். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் என்ற அமைப்பு உருவானது. காப்பி, சிங்கோனா, ஏலம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஏ.எச். ஷார்ப் 1880இல் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். பிறகு கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனத்தார் வந்து, 1897இல் கண்ணன்தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி அமைந்தது. முதலாளி கிளாஸ்கோ என்றால் உதவி மேலாளர்களும் கணக்கர்களும் எஞ்சினியர்களும் அந்தப் பக்கத்துப் பையன்களாக வருவது இயல்பு. ஹெதர் என்பது அவர்கள் ஊர் மேட்டு நிலங்களை ஊதா நிறமாக்கும் புதர்ச்செடி. இரவிகுளம் பக்கம் குறிஞ்சி பூத்த வருடத்தில் மலையைப் பார்த்தவர்களுக்கு, ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து மூணாறு எப்படிப்பட்ட இடம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போகும். 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908இல் இரண்டடி அகல ரயில். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடையாளமே இல்லாமல் போயிற்று. ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் நடுவே குதிரையில் போக வேண்டிய தூரம். காலரா. மூணாறு கிறிஸ்து ஆலயத்துக்கு அடிக்கல் போட்டது 1910இல். ஆனால் அங்கே கல்லறை 1894இலேயே வந்துவிட்டது. கப்பலேறி வந்த புதுமணப்பெண் எலியனோர் காலராவில் இறந்து அந்தக் குன்றில் முதலில் புதைக்கப்பட்டார். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் செத்தால் யார் கடிதம் எழுதுவது, மனைவி பிள்ளைகளை யார் ஊருக்கு அனுப்புவது என்ற கேள்விக்குச் சபை ஒரு பதில். 1909இல் வந்த ஹைரேஞ்ச் கிளப் குடிக்கவும் ஆடவும். அங்கே முப்பது வருடம் மலையில் உழைத்த துரைமார்களின் தொப்பிகள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. சபை வேறு வகை. அதில் சத்தியம் செய்துகொடுக்க வேண்டும்.

சரி, கொத்தனார் சாமான்? அதற்கு ஸ்காட்லாந்துக்கே போக வேண்டியிருந்தது, புத்தகங்கள் வழியாக. 1598இலும் 1599இலும் அரசரின் கட்டட மேற்பார்வையாளர் வில்லியம் ஷா, அந்நாட்டுக் கல்கொத்தனார்களின் சபைகளுக்கு எழுத்தில் விதி வகுத்தார். யார் கையாள், யார் தேர்ந்த கொத்தனார், தொழில் பழக எத்தனை வருடம், தவறினால் என்ன அபராதம், எல்லாம் அதில் உண்டு. எடின்பரோவின் மேரி சேப்பல் சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் முதல் பதிவு 1599 ஜூலை 31. அந்தப் புத்தகம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. சபைக்கு ஓர் உண்டியல் இருந்தது. சந்தாவும் அபராதமும் அதில் விழும். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தவனுக்கும், இறந்தவனின் மனைவிக்கும் அதிலிருந்து போகும்.

ரகசியச் சொல்லும் கைகுலுக்கலும் கூடப் பிழைப்பிலிருந்து வந்தவைதான். ஊர் ஊராகப் போகும் கொத்தனார் கையில் சான்றிதழ் கிடையாது. தொழில் பழகியவன் நான் என்று நிரூபிக்க ஒரு சொல் வேண்டும். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு கூலியைக் குறைப்பவனைத் தள்ளி வைக்கவும் அதே சொல். வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டீவன்சன், ஃப்ரீமேசன் அமைப்பின் வேரே இந்த ஸ்காட்லாந்துச் சபைகளில்தான் என்று 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். 1634இல் மேரி சேப்பல் சபைக்குள் கல்லைத் தொடாத கனவான்கள் சேர்க்கப்பட்டார்கள். பிறகு பல சபைகளிலும் அவர்கள் பெருகினார்கள். 1717இல் லண்டனிலும் 1736இல் எடின்பரோவிலும் கிராண்ட் லாட்ஜ்கள் வந்தபோது தொழில் போய்ச் சாமான் மட்டும் நின்றுவிட்டது. கையாள், கொத்தனார், மேஸ்திரி என்ற மூன்று படிகளும் நிற்கின்றன. ஆனால் ஏறுகிறவர் வக்கீலாகவோ டாக்டராகவோ தோட்ட மேலாளராகவோ இருப்பார்.

தமிழ் யூடியூபில் ஃப்ரீமேசன் என்று தேடினால் இல்லுமினாட்டி, சாத்தான், உலகத்தை ஆளும் பதின்மூன்று குடும்பம் என்று ஓடும். அந்தக் காலத்திலும் குறைவில்லை. வடக்கே மக்கள் இச்சபைக் கட்டடத்தை ‘ஜாது கர்’ என்றார்கள், மந்திர வீடு. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அது பதிவாகியிருக்கிறது. உண்மையில் ஒரு சபை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றமாக இருக்கும். கோவையில் ஓர் உறுப்பினர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சத்தியம் செய்த பகுதிகளைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் சொன்னார். சபை கூடும். வாசலுக்கு வெளியே ஒருவர் உருவிய வாளோடு நிற்பார், அது பழைய சம்பிரதாயம். போன கூட்டத்தின் நடவடிக்கை வாசிக்கப்படும், ஒப்புக்கொள்ளப்படும். புதிதாகச் சேர விரும்புகிறவர் பெயரை ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். ஏதோ ஒரு பரம்பொருள் உண்டு என்று நம்புகிறவராக அவர் இருக்க வேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள். பிறகு வெள்ளை உருண்டை, கறுப்பு உருண்டை. பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றைப் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று தெரியாது. விதியில் சொன்ன அளவுக்குக் கறுப்பு விழுந்தால் ஆள் வெளியே. காரணம் கேட்க முடியாது.

“சார், மர்மம் எல்லாம் ஒரு கால் மணி நேரம்தான்,” என்றார் அவர். “மிச்ச நேரம் மினிட்ஸ், கணக்கு, சாப்பாடு.”

தலைவர் பதவி ஒரு வருடத்துக்குத் தேர்தல். பொருளாளர், செயலாளர் தனித்தனி. கணக்கு ஆண்டுதோறும் தணிக்கையாகும். தர்மப் பை ஒவ்வொரு கூட்டத்திலும் சுற்றி வரும். உறுப்பினர்களில் யார் படுத்த படுக்கை, எந்த விதவைக்கு வாடகை நிற்கிறது என்று பார்க்கவே தனியாக ஒருவர். அரசியலும் மதமும் உள்ளே பேசக்கூடாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது தலைவரை வருடத்துக்கு வருடம் மாற்றுவதுதான். நம்மூரில் கோயில் கமிட்டித் தலைவரை மாற்றுவதற்கு அவர் சாக வேண்டியிருக்கிறது.

வெளியாருக்கு என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டேன். வாளையாறு தாண்டினால் விடை கண்ணெதிரில். கோவையில் குழந்தைகளுக்கான மேசானிக் மெடிக்கல் சென்டர் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுகிறவர்கள் பெயர்ப் பலகையில் உள்ள முதல் சொல்லைப் பற்றி யோசிப்பதில்லை. யோசிக்க அவசியமும் இல்லை.

எல்லோரும் சமம் என்பது இச்சபையின் அடிப்படை வாக்கு. இந்தியாவில் அந்த வாக்கு நிறைய தடுமாறியது. ஆர்க்காட்டு நவாப்பின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சியில் சேர்க்கப்பட்டார், அரச குடும்பம் என்பதால் சிக்கலில்லை. சாதாரண இந்துவுக்கு அவ்வளவு சுலபமில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் பல வருடம் மல்லுக்கட்டி 1872இல்தான் உள்ளே போனார். பல தெய்வம் கும்பிடுகிறவன் ஒரு பரம்பொருளின் பேரில் எப்படிச் சத்தியம் செய்வான் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதே சபையில் 1884இல் நரேந்திரநாத் தத்தா என்ற இளைஞர் சேர்ந்தார், பின்னாளில் விவேகானந்தர். 1961 நவம்பர் 24 அன்று டில்லியில் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் அமைந்தது. ராம்பூர் நவாப் ரஸா அலி கான் முதல் தலைவர். இன்று இந்தியச் சபைகளில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப் ஒரே மேடையில் வைக்கப்படுகின்றன. பெண்களுக்கு மட்டும் இன்னும் கதவு திறக்கவில்லை. ஆண், பெண் இருவரையும் சேர்க்கும் வேறொரு பிரிவை அன்னி பெசன்ட் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், அதை இவர்கள் அங்கீகரிப்பதில்லை.

மூணாறுக்குத் திரும்புகிறேன். இந்த மலையில் பாலம் கட்டியவன், கால்வாய்க்குக் கல் அடுக்கியவன், பங்களாவுக்குப் புகைபோக்கி எழுப்பியவன் கையில் நிஜ மூலைமட்டம் இருந்தது. அவனை எந்தச் சபையும் கூப்பிடவில்லை. அது ஸ்காட்லாந்துக்காரர்களின் தனிக் குற்றமில்லை, அவன் துரை வீட்டு முன்வாசலில் ஏறியதே இல்லை. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆட்கள் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தார்கள். விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்றார்கள். ஆனால் கால் ஒடிந்தால் என்ன செய்வது, செத்தால் யார் பார்ப்பது என்ற அதே கேள்வி அவர்களுக்கும் இருந்தது. அவர்களும் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள்.

மூணாறில் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது போடி பக்கம் மகள் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். லயத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. நோட்டு எழுதுகிறவர் ஒருவர், காசு வைத்திருப்பவர் இன்னொருவர். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்குப் பிணத்தைக் கொண்டுபோகும் வண்டி வாடகைக்கு முதலில் எடுக்க வேண்டும், மீதி காரியத்துக்கு. வரி கொடுக்காதவன் வீட்டுச் சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அதெப்படித் தம்பி விட முடியும்? மொதல்ல எடுத்துப் போட்டுட்டு அப்பறம் அவனப் பேசிக்குவோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சாவு வீட்டுக்குத் தொரை வாறதுக்கு முன்னாடி எங்க நோட்டு போயிரும்.”

செயலாளர் வேறு, பொருளாளர் வேறு, தர்மப் பை, சாவு வீட்டுக்கு உதவி. எடின்பரோக் கொத்தனார்கள் செய்தது இதைத்தான். அங்கே கனவான்கள் உள்ளே வந்து வெள்ளிச் சாமானும் ஏப்ரனும் சேர்த்தார்கள், இங்கே யாரும் வரவில்லை. ஃப்ரீமேசன்களின் உண்மையான மூதாதையருக்கு மூணாறில் நெருங்கிய சொந்தம் லயத்துக்காரர்தான், பங்களாக்காரர் இல்லை என்பது என் முடிவு. லயத்துச் சபையில் கறுப்பு உருண்டையும் கிடையாது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸுக்காகப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிறுத்திவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்களே, பொம்பிளை ஒருமை என்ற பெயரில், அதுவும் வானத்திலிருந்து குதித்ததல்ல. லயத்தில் சீட்டும் சாவு வரியும் நடத்திப் பழகிய பெண்கள் அவர்கள்.

வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது. மேரி சேப்பல் புத்தகம் 1599இலிருந்து இருப்பதால் அவர்களுக்கு வரலாறு இருக்கிறது. லயத்து நோட்டு வேலைக்காலம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பரோடு போய்விடுகிறது. 2020 ஆகஸ்டில் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். அங்கே இருந்திருக்கக்கூடிய நோட்டுகளும் அந்த மண்ணுக்குள்தான்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி, வால்பாறைத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவரா நீங்கள்? தகரப் பெட்டியின் அடியில் தாத்தாவோ பாட்டியோ எழுதி வைத்த சாவு வரி நோட்டு, சீட்டு நோட்டு, கோயில் வரி நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, வருடமும் எஸ்டேட் பெயரும் எழுதி, பக்கத்திலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ நூலகத்திலோ ஒரு பிரதி கொடுங்கள். மூலப் பிரதி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.