பாடமாக்கு என்று சொன்னேன்

நான் கற்பித்த பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தினேன். அதற்குப் பிறகு அவர்கள் படிக்கப்போகும் மொழிக்கு வழிகாட்டவில்லை. இது என் குற்றம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், களப்போரமாக உள்ள பனிச்சங்கேணியில் மாலை வேளைகளில் உயர்தர உயிரியல் சொல்லிக்கொடுத்து வந்தேன். இங்கே சோதனை தமிழில். மருத்துவ பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ போனால் விரிவுரை ஆங்கிலத்தில். ஆகவே பாடம் முடிந்ததும் ஆங்கிலச் சொற்களைப் பலகையில் வரிசையாக எழுதிப் "பாடமாக்குங்க" என்பேன். இந்தச் சொற்களுக்குள் ஏதும் உறவு உண்டா என்று ஒருத்தி கேட்டாள். "அதெல்லாம் சோதனைக்கு வராது புள்ள" என்று வாயை அடைத்துவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம், தேடிப் படிக்கச் சோம்பல்.

அவள் பல்கலைக்கழகம் போன முதல் வருடத்தில் தொலைபேசியில் பேசினாள். "சேர், பாடம் விளங்குது. சொல்லுதான் விளங்குதில்ல" என்றாள். தமிழில் எந்தக் கேள்விக்கும் தடுமாறாத பிள்ளை. அன்றைக்குத்தான் அகராதியைத் திறந்தேன்.

திறந்தபோது எங்கள் களப்பே அதற்குள் இருந்தது. கண்டல் மரத்தின் விஞ்ஞானப் பெயர் ரைசோபோரா என்று தொடங்கும். கிரேக்கத்தில் ரைசா என்றால் வேர். போரா என்றால் தாங்குவது. கவைக்கால் ஊன்றி நிற்கும் அந்த மரத்தைப் பார்த்தவனுக்கு இந்தப் பெயர் மறக்குமா? அவரை இனத் தாவரங்களின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியத்திலும் அதே வேர்தான். கூட வரும் பயோஸ் என்றால் உயிர். பயோலொஜியின் தொடக்கமும் அதுவே. சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சு வேர் நியூமற்றோபோர். நியூமா மூச்சு, நுரையீரலைத் தாக்கும் நியூமோனியா அதற்குச் சொந்தம். பொஸ்பரஸ் என்றால் ஒளியைத் தாங்குவது. அந்த ஒளிதான் போட்டோசிந்தசிஸ் என்ற ஒளித்தொகுப்பிலும் வருகிறது. உப்பைக் குறிக்கும் ஹலோ, உவர்மண்ணில் வளரும் ஹலோபைற்றிலும் இருக்கிறது, குளோரின் குடும்பமான ஹலஜனிலும் இருக்கிறது. ஹலஜனை எங்கள் பாடநூல்கள் அலசன் என்று எழுதும். அதற்குள் உப்பு இருப்பதை நான் எந்த வகுப்புக்கும் சொன்னதில்லை.

தமிழில் பிள்ளைகள் இதே வழியில்தான் படிக்கிறார்கள். செங்குழியம், வெண்குழியம் என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எரித்ரோசைற்றும் லியூகோசைற்றும் அச்சொட்டாக அதே கட்டு: எரித்ரோ சிவப்பு, லியூகோ வெள்ளை, சைற் கலம். ஈரல் அழற்சி ஹெப்பற்றைற்றிஸ், இரைப்பை அழற்சி காஸ்ட்ரைற்றிஸ். முடிவில் வரும் ஐற்றிஸ்தான் அழற்சி. பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருந்த திறப்பை நான் பூட்டில் போட்டுக் காட்டவில்லை.

இந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படிச் செய்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. இதே கிழக்கிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர். சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்தச் சொற்றொகுதி 1938இல் அச்சேறியது. அதற்கும் முன்னே, 1848இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தினார். இருவரும் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்லைப் பிரித்துப் பார்த்தவர்கள். அவர்கள் வழியில் வந்த தமிழ்ச் சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் பட்ட பாட்டில் ஒரு துளியும் படவில்லை.

வேர்ச்சொல்லை மட்டும் நம்பவும் கூடாது. மலேரியா என்றால் கெட்ட காற்று. நோயைப் பரப்புவதோ நுளம்பு. ஒட்சிசன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. லவோசியே அப்படி நம்பிப் பெயர் வைத்தார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் கிடையாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமை.

அந்தப் பிள்ளை முதல் வருடத்தில் ஒரு பாடத்தை மறுபடி எழுதவேண்டி வந்தது. அதில் என் பங்கு இருக்கிறது. அவளிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களே, பலகையில் ஆங்கிலச் சொல்லை எழுதும்போது அதை உடைத்து எழுதுங்கள். பக்கத்தில் அதே கட்டிலுள்ள தமிழ்ச் சொல்லையும் எழுதுங்கள். பிள்ளை கேட்டது தெரியாவிட்டால் தெரியாது என்று அந்த இடத்திலேயே சொல்லி, அடுத்த வகுப்புக்குத் தேடிக்கொண்டு வாருங்கள்.