60 சதுர அடியில் 18 நாள்கள்

கணவர் ஓய்வுபெற்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நான்கு படுக்கையறை வீடு. அவருக்கு 66 வயது, மனைவிக்கு 61. கல்யாணமாகி 35 வருடங்கள். மகனும் மகளும் வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள்.

அத்தனை வருடமும் காலை ஏழரைக்குப் பிரிந்து இரவு ஏழு மணிக்குச் சந்தித்துக்கொண்டவர்கள், திடீரென்று நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ். மருந்தாளுநராக இருந்த மனைவி இரண்டு வருடம் முன்பே வேலையை விட்டுவிட்டார். காலையில் நடை, மதியம் தோட்டம், இரவு ஒன்பது மணிக்குத் திருச்சியில் இருக்கும் தங்கையோடு போன் என்று அவருக்கென ஓர் ஒழுங்கு உண்டு. கணவருக்கோ அலுவலகத்தில் வேலை வாங்க 20 பேர் இருந்தார்கள். இப்போது அஞ்சறைப் பெட்டிதான் மிச்சம். "கடுகையும் வெந்தயத்தையும் ஏன் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கே?" என்று ஆரம்பித்தது, இரண்டே மாதத்தில் அவர் மாடியிலும் மனைவி கீழேயும் என்று ஆனது. "காபி ரெடி" என்ற செய்திகூட வாட்ஸ்அப்பில் போனது. தூங்குவது ஆறு வருடமாகவே தனித்தனி அறையில். அதற்குக் காரணம் சண்டை இல்லை, குறட்டை.

அப்பாவின் ஓய்வுக்குப் பரிசு என்று மகள் ஒரு கேம்பர் வேனை 18 நாளுக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். நெவாடா, யூட்டா, அரிசோனா என்று மேற்கு மாநிலங்களைச் சுற்றி வர வேண்டும். "நாலு ரூம் வீட்டுலயே முட்டிக்கிறோம். ஒரு வேனுக்குள்ள எப்படிடி?" என்றார் அம்மா. ஆனால் பணம் கட்டியாகிவிட்டது.

வீடு ஓடுகிறது

வேனின் நீளம் 19 அடி. உள்ளே புழங்குகிற இடம் 60 சதுர அடிக்கு மேல் இருக்காது. இரட்டைப் பர்னர் கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் பேனல், விளக்குகளுக்குத் தனி பேட்டரி. பகலில் எதிரெதிர் இருக்கைகள், இரவில் அவற்றை இழுத்துப் போட்டால் படுக்கை. இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நகராமல் இன்னொருவர் நகர முடியாது.

நல்ல தண்ணீர் டேங்கில் 75 லிட்டர் பிடிக்கும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே முகச்சவரம் செய்வது கணவரின் பழக்கம். ஒரு தட்டை மூன்று முறை அலசுவது மனைவியின் பழக்கம். இரண்டாம் நாள் மாலையே டேங்க் காலி. அன்றிலிருந்து சவரத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர், தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டு ஒரே அலசல். கழிவறைக்குக் கீழே உள்ள பெட்டி நிறைந்தால், முகாம்களில் அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். வீட்டில் 35 வருடமாகக் கழிவறையைக் கழுவாத கணவர் அந்த வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். முதல் முறை முகத்தைச் சுளித்தார். மூன்றாவது முறை, பக்கத்து வேன்காரருக்கு எப்படிக் கொட்டுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் பாதியில் கிளம்பியதால் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் டியோகா கணவாய் திறந்திருந்தது. சுமார் 9,900 அடி உயரத்தில் சியரா மலையைத் தாண்டும் அந்தச் சாலை, பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். 62 வயது தாண்டிய அமெரிக்கக் குடிமக்களுக்கு 80 டாலரில் ஆயுள் பாஸ் உண்டு. அதைக் காட்டினால் தேசியப் பூங்காக்களில் காரில் கூட இருப்பவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. "வயசானதுக்கு இதுதான் முதல் லாபம்" என்றார் கணவர்.

மலையைத் தாண்டி இறங்கினால் மோனோ ஏரி. கடலைப்போல இரண்டரை மடங்கு உப்பு. கரையெங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கோபுரங்கள். ஏரிக்கு வரும் ஓடைகளை 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் குடிநீருக்குத் திருப்பிக்கொள்ள, தண்ணீர் இறங்கியது; அடியில் உருவாகியிருந்த கோபுரங்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. அங்கே இருவரும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோபமில்லாத மௌனம்.

பெட்ரோலும் பிரிசில்கோனும்

கோபமுள்ள மௌனம் நெவாடாவில் வந்தது. அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 80 சதவீத நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். ஊர்கள் குறைவு. டோனபாவிலிருந்து ஈலி வரை சுமார் 270 கிலோமீட்டர், நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. "டோனபாவுல டேங்கை ரொப்பிட்டுப் போயிடலாங்க" என்றார் மனைவி. "பாதிக்கு மேல இருக்கு, போதும்" என்றார் கணவர். 30 கிலோமீட்டர் போன பிறகு, எதிர்க்காற்றில் முள் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சொல்லிட வேண்டியதுதானே, நான் அப்பவே சொன்னேன்னு!" என்று அவரே சண்டையை ஆரம்பித்து வைத்தார்.

அன்று இரவு கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில் முகாம். வீடாக இருந்தால் அவர் மாடிக்குப் போயிருப்பார். இங்கே மாடி இல்லை. மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். தலைக்கு மேலே பால்வெளி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பற்கள் கிட்டித்தன. கதவைத் தட்டினார். "படுக்கையை இழுக்கணும், ஒரு கை பிடிங்க" என்றார் மனைவி. சண்டை அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை பிரிசில்கோன் பைன் மரங்களைப் பார்க்க மெல்ல ஏறினார்கள். உலகின் மிக வயதான மரங்களில் இந்த இனமும் ஒன்று. 1964-ல் இந்த மலையில் ஆராய்ச்சிக்காக வெட்டப்பட்ட ஒரு மரத்தின் வளையங்களை எண்ணியபோது, அதன் வயது சுமார் 4,900 என்று தெரிந்தது. கணவர் அதைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் கவனம் அதில் இல்லை. முந்தைய இரவில் கேட்ட ஒன்று அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

இரவில் கேட்ட சத்தம்

ஆறு வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே படுக்கையில். குறட்டையை எதிர்பார்த்து, காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்திருந்தார் மனைவி. ஆனால் அவரைத் தூங்கவிடாதது குறட்டை இல்லை, அது நின்றுபோனது. உரத்த குறட்டை, பிறகு சட்டென்று நிசப்தம். மூச்சே இல்லை. மனசுக்குள் எண்ணினார்: பதினைந்து, இருபது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர்போலப் பெரிய ஒரு விக்கல் மூச்சு. மறுபடி குறட்டை.

மருந்துக்கடையில் 20 வருடம் வேலை பார்த்தவருக்கு அதன் பெயர் தெரியாமல் இல்லை. ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பும். இப்படி ராத்திரி முழுக்க நடந்தாலும், தூங்குகிறவருக்குக் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. பகலில் அசதி, தலைவலி, எரிச்சல். நாளடைவில் ரத்த அழுத்தமும் ஏறும்.

ஆனால் அத்தனை உயரத்தில் நல்ல உடம்புக்காரருக்கும் தூக்கத்தில் மூச்சு முன்னே பின்னே ஆவதுண்டு. 'மலை இறங்கினால் சரியாகிவிடும்' என்று மனைவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

யூட்டாவுக்குள் நுழைந்த அன்று மதியம், நேர்க்கோடாகப் போகும் வெறும் சாலையில், வேன் மெல்ல நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போனது. "என்னங்க!" என்று அலறினார் மனைவி. கணவர் உலுக்கி எழுந்ததுபோல ஸ்டியரிங்கைத் திருப்பினார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால்?

"வெயில் கண்ணைக் கூசிடுச்சு" என்றார். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

பிரைஸ் கேன்யன் முகாம் 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரை எடுத்தார். முதல் விசிலுக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான்காவது விசிலுக்கு அவர்களும் சாம்பார் சாதத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். சிவப்புக் கல்தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில், கணவர் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். மனைவியும் சிரித்தார். இரவில் மறுபடி எண்ணினார்.

அடுத்து ஸயான். முகாம் 4,000 அடியில்தான். இனி உயரத்தின் மீது பழி போட வழியில்லை. அங்கும் அதே குறட்டை, அதே நிசப்தம், அதே விக்கல். மனைவி போனை எடுத்து 40 நிமிடம் பதிவு செய்தார்.

சாவி கைமாறியது

அரிசோனா எல்லைக்குள், பேஜ் நகருக்கு வெளியே, ஒரு மாலையில் அதை அவருக்குப் போட்டுக்காட்டினார். தன் மூச்சு நின்றுபோவதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார் கணவர். முதல் நிசப்தத்தில் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு இல்லை. மூன்றாவது முடியும் முன் போனை அணைத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியலையே. நான் பக்கத்துல இல்லையே."

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: ஓய்வுபெறும் முன்பே இரண்டு முறை அலுவலகக் கூட்டத்தில் தூங்கிவிட்டாராம். ஒரு முறை வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் கண் அயர்ந்து, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தாராம். வயதாகிவிட்டது என்று நினைத்து, யாரிடமும் சொல்லவில்லை. காலையில் தலைவலியோடு எழுந்து, கண்ணில் பட்டதன் மேல் எரிந்து விழுந்ததும் அதனால்தானோ என்னவோ. "அஞ்சறைப் பெட்டி மேலயும்" என்றார் மனைவி.

மறுநாள் காலை அவர் சாவியை மனைவியிடம் கொடுத்தார். 35 வருடத்தில் எந்த நெடும்பயணத்திலும் மனைவி ஓட்டியதில்லை. தினசரி வேலைக்குப் போய் வந்ததோடு சரி. 19 அடி வேனை அவர் முதல் ஒரு மணி நேரம் 50 மைலுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்த லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டார். கணவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

நவஹோ பழங்குடியினர் நடத்தும் மான்யுமென்ட் வேலிக்கு ஆயுள் பாஸ் செல்லாது, தனிக் கட்டணம். அங்கே நுழையும்போது போனில் மணி ஒன்று கூடிவிட்டது. அரிசோனா கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதே மாநிலத்துக்குள் உள்ள நவஹோ நிலப்பகுதி மாற்றுகிறது. "எம் மணிதான் சரி", "இல்ல, எந்து" என்று இருவரும் வாதாடி, கடைசியில் இரண்டுமே சரி என்று தெரிந்து சிரித்தார்கள்.

கிராண்ட் கேன்யன் வரைக்கும், அங்கிருந்து மொஹாவி பாலைவனம் வழியாக வீடு வரைக்கும் வண்டி ஓட்டியது மனைவிதான். ஒரு மைல் ஆழமுள்ள அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, கணவர் பள்ளத்தைப் பார்க்கும் முன் அவரைப் பார்த்து, "நல்லா ஓட்டறே" என்றார். அந்தப் பயணத்தில் எடுத்த 900 படங்களில் எதிலும் அது பதிவாகவில்லை. மனைவி தங்கையிடம் போனில் முதலில் சொன்னது அதைத்தான்.

ஊர் திரும்பிய வாரமே மருத்துவரைப் பார்த்தார்கள். வீட்டிலேயே ஒரு கருவியை மாட்டிக்கொண்டு தூங்கும் சோதனை. மணிக்கு 20 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுவதாக வந்தது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுப்பாதையைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் மெஷினை எழுதிக் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் முகமூடியோடு மல்லுக்கட்டினார். மூன்றாவது வாரம், ஒரு காலையில் தலைவலி இல்லாமல் எழுந்து, தானே காபி போட்டு மனைவியை எழுப்பினார். தனி அறை இப்போது துணி மடிக்கும் அறையாகிவிட்டது. மெஷினின் மெல்லிய இரைச்சலுக்கு மனைவி பழகிவிட்டார். நடுவில் அது மாறினால்தான் விழிப்பு வருகிறது.

அஞ்சறைப் பெட்டியைப் பற்றி இன்னும் அவ்வப்போது பேச்சு வரத்தான் செய்கிறது.

மார்ச்சில் மறுபடி வேன் எடுக்கத் திட்டம். இந்த முறை அரிசோனாவின் தெற்கும் நியூ மெக்ஸிகோவும். ஓட்டுவது பாதிப் பாதி. வேனின் பேட்டரி ஓர் இரவு முழுக்கச் சிபாப் மெஷினைத் தாங்குமா என்று கணவர் வாட் கணக்கு, ஆம்பியர் கணக்கெல்லாம் போட்டு இரண்டு பக்கம் எழுதிவைத்திருக்கிறார். நேற்று இரவு பதினொன்றரைக்கும் அதோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"கணக்கு காலையில பார்த்துக்கலாம்" என்று மனைவி முகமூடியை எடுத்து நீட்டினார். "முதல்ல இதைப் போட்டுட்டுத் தூங்குங்க."