மோர்கன் துறையில் ஓர் உப்புக் கணக்கு

சென்ற ஈஸ்ரர் விடுமுறைக்கு நாங்கள் மோர்கனுக்குப் போனோம். அடிலெய்ட்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவது குறைவு. விடுமுறை என்றால் கடற்கரை, இல்லாவிட்டால் மெல்பேர்ணில் யாருடையதோ கலியாணவீடு. நாங்களும் ஊர் பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு காணி விலைக்கு நிற்கிறது என்று அத்தான் (அக்காவின் கணவர்) கேள்விப்பட்டிருந்தார். அவருடைய காசும் என்னுடைய நான்கு வருடச் சேமிப்பும் சேர்ந்தால் வாங்கலாம். நான் வேலை செய்வது பிளாஸ்ரிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில். இரவு வேலை. நாங்கள் செய்யும் குழாய்கள் பழத்தோட்டங்களுக்குத்தான் போகின்றன. ஒரு நாளாவது என் குழாய் என் தோட்டத்தில் கிடக்கட்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மறே ஆறு கிழக்கு மலைகளில் பிறந்து 2,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கடலில் விழுகிறது. மேற்கு நோக்கி வந்துகொண்டிருக்கும் ஆறு மோர்கனில் சட்டென்று தெற்கே திரும்புகிறது. அந்த முடக்கில் உயரமான மரத்துறை ஒன்று நிற்கிறது. 1878 இல் ரயில் பாதை வந்து, நீராவிக் கப்பல்கள் கொண்டுவந்த கம்பளியை ஏற்றி அனுப்பிய இடம். இன்றைக்கு அங்கே சந்தடி இல்லை. வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் பாதை மட்டும் இரவு பகலாக ஓடுகிறது, காசு வாங்குவதில்லை. எங்கள் ஊர்ப் பாதையை நினைத்து அத்தான் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ஆற்றங்கரைப் பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கல். உள்ளே சிப்பிகள் பதிந்து கிடக்கின்றன. எங்கள் ஊர்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் அதே கல்! மிகப் பழைய காலத்தில் இந்தப் பகுதியும் கடலாக இருந்ததாம். நிலத்தடித் தண்ணீர் இங்கே உவர்.

காணியைப் பார்த்தோம். நல்ல சிவந்த மணல் நிலம். ஆறு கூப்பிடு தூரம். விற்க வந்தவர், "தண்ணீர் உரிமையைப் பிறகு வாங்கிப் போடலாம்" என்றார். இந்த நாட்டில் காணி வேறு, தண்ணீர் உரிமை வேறு. அது எங்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால் மத்தியானம் தேநீர்க் கடையில் கண்ட ஒரு கிழவர் (கிரேக்க நாட்டிலிருந்து சிறுவனாக வந்தவராம், ஐம்பது வருடமாகத் தோடம்பழம் வைத்திருக்கிறார்) காணி எங்கே என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "மண்ணைப் பார்க்க முதல் உப்பு வரைபடத்தைப் பார், தம்பி" என்ற மாதிரிச் சொன்னார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். முன்பு இங்கே மலி என்னும் பற்றைக்காடு இருந்தது. அதன் ஆழமான வேர்கள் மழைத்தண்ணீரை உறிஞ்சிவிடும். காட்டை வெட்டித் தோட்டம் போட்டு நீர் பாய்ச்சியதும், பயிர் குடித்தது போக மிச்சத் தண்ணீர் கீழே இறங்குகிறது. அது அங்கே கிடக்கும் உவர்த் தண்ணீரை ஆற்றை நோக்கித் தள்ளுகிறது. இன்று பாய்ச்சும் தண்ணீரின் உப்பு ஆற்றுக்குப் போய்ச் சேர இருபது, முப்பது வருடம்கூடச் செல்லலாம். பாய்ச்சியவன் போய்விடுவான், உப்பு வரும்.

கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாத விடயம். ஆகவேதான் கணனி. 1988 இல் மாநிலங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. வங்கிப் புத்தகம் போல ஒரு உப்புப் புத்தகம். உப்பைக் கூட்டும் வேலை செய்தால் பற்று, குறைத்தால் வரவு. அளக்கும் இடம் மோர்கன்! எந்தத் திட்டமும் முப்பது வருடத்துக்குள் மோர்கனின் சராசரி உப்பை 0.1 அலகு மாற்றும் என்று தெரிந்தால் அது புத்தகத்தில் ஏற வேண்டும். 1975 முதல் 2000 வரை பெய்த மழையையும் ஓடிய ஆற்றையும் கணனியில் திரும்ப ஓடவிடுகிறார்கள், ஒரு தடவை அந்தத் தோட்டம் இல்லாமல், ஒரு தடவை தோட்டத்தோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. நூறு நாளில் 95 நாளாவது மோர்கனில் 800 அலகுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. லீற்றருக்கு ஏறத்தாழ அரைக் கிராம் உப்பு. கரையோரக் கிணறுகள் உவர்த் தண்ணீரை ஆற்றில் விழ முதலே இறைத்து வெளியே கொண்டுபோகின்றன. இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் தொன் உப்பு ஆற்றுக்கு வராமல் தடுக்கப்படுகிறது. அடிலெய்ட்டில் நாங்கள் தேநீர் போடும் தண்ணீரிலும் இந்த ஆறு இருக்கிறது.

அடுத்த கிழமை ஒரு அலுவலகத்தில் போய் விசாரித்தோம். அலுவலர் காணி இலக்கத்தைத் தட்டினார். திரையில் எங்கள் காணி கூடிய உப்புப் பாதிப்பு வலயத்தில் நின்றது. அங்கே புதிதாக நீர் பாய்ச்ச அனுமதி எடுப்பது மிகவும் கடினம் என்றார். ஐந்து நிமிடம்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. படகில் வந்த நாள் தொடக்கம் எனக்கு ஒரு இலக்கம். இருக்கலாமா, வேலை செய்யலாமா, எல்லாம் யாரோ ஒருவரின் திரையில்தான் முடிவாகியது. காரணம் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த அலுவலர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, எந்தக் குழாய்க் கிணற்றில் என்ன அளவு எடுத்தது, எந்தக் கணக்கில் கோடு போட்டது என்று காட்டினார். கணக்கை வெளியார் வந்து தணிக்கை செய்கிறார்களாம். அதுவே எனக்குப் புதிது.

கணனி சொன்னால் சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று 2012 இல் போட்ட பெரிய திட்டத்தின் கணக்கையே, 2019 இல் தென் அவுஸ்திரேலிய அரச ஆணைக்குழு சட்டத்துக்கு ஒவ்வாதது என்று கடுமையாகச் சொன்னது. வரட்சியின்போது, 2008-09 இல், இந்தப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு உரிமையில் 18 வீதம் தண்ணீர்தான் கிடைத்தது. கிழவர் அந்த வருடம் பாதி மரத்தைப் பிடுங்கினாராம்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். வடமராட்சியில் எங்கள் தோட்டக் கிணறு எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே உவராகிவிட்டது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கூட இறைத்தால் கீழேயுள்ளது மேலே வரும். பக்கத்துக் காணிக்காரர் பெரிய பம்ப் வைத்ததால்தான் என்று அப்பா அவரோடு பேச்சை விட்டவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. வெங்காயம் போய், மிளகாய் போய், பிறகு என்னையும் பள்ளிக்கூடத்தால் மறித்தார்கள்.

"அப்பா, அவர் பம்ப் வைக்க முதல் எங்கடை தண்ணி எப்பிடி இருந்தது? ஆராவது அளந்து வைச்சவையோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆர் அளக்கிறது? நாங்களும் அந்த வருசம் ரெண்டு தரம் கூட இறைச்சனாங்கள்தானே" என்றார்.

இதை அவர் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை.

அத்தான் அந்தக் காணியை விட்டுவிட்டார். இப்போது குறைந்த பாதிப்பு வலயத்தில், ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, வேறொன்று பார்க்கிறார். விலை கூட. தண்ணீர் கொண்டுவர நீளமான குழாய் வேண்டும். குழாய் நான் தருகிறேன் என்று பகிடி விட்டேன், காசு தருவேனா என்று இன்னும் சொல்லவில்லை.