பூனைக்கு ஒரு சிரப்

எங்க ஈஜிபுரா வீட்டுக்கு மழைக்கு ஒதுங்கி வந்தவன் சுண்டு. திடீர்னு வாயெல்லாம் புண்ணாகி, சாப்பாட்டைத் தொடல. ரத்தப் பரிசோதனையில பூனை லுகேமியா வைரஸ்னு வந்துச்சு. மனுஷங்களுக்குத் தொத்தாது, பூனைக்குப் பூனை எச்சில் வழியாப் பரவும். முழுசாக் குணமாக்க மருந்தில்லை.

"முயற்சி பண்ணலாம் சார்"னு டாக்டர் எழுதினது ஜிடோவுடின். எச்ஐவி மருந்து! ரெண்டுமே ரெட்ரோவைரஸாம். 1964-ல கிளாஸ்கோவுல வில்லியம் ஜாரெட் குழு இந்தப் பூனை வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் அமெரிக்காவுல புற்றுநோய்க்குன்னு தயாரிச்சு, பலிக்காமப் போன மருந்துதான் இது. 1987-ல எய்ட்ஸுக்கு முதல் மருந்தாச்சு.

மெடிக்கல் ஷாப்காரர் சீட்டைப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தி, "குழந்தைக்கு எத்தனை வயசு சார்?"னார். குழந்தைங்க குடிக்கிற சிரப் ஆச்சே. "பெக்கிகெ"ன்னேன், பூனைக்குன்னு. சிரிச்சுட்டார். நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வர்ற வழியிலதான் உறைச்சுது: அதே கவுண்டர்ல, வயசைச் சொல்லிட்டு பாட்டிலை வாங்கிட்டுப் போற அப்பா அம்மாவும் உண்டுல்ல?

மருந்து சிவப்பணுவைக் குறைக்கும்ங்கறதால அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பேங்க் பாஷையில சொன்னா, கடன் அடையல, தவணை தள்ளிப்போச்சு. ஏழு மாசம். கடைசி வாரம் வரைக்கும் தங்கமணி மடியிலதான் தூக்கம்.

பூனை வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணு: புதுப் பூனையைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிடுங்க. டாக்டர் சொல்லாம மனுஷ மருந்து கொடுத்துடாதீங்க; ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூட பூனையைக் கொன்னுடும்.