கை நழுவிய கருவி

பால் வாளியோடு மேட்டிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கினால், அன்றைய உழைப்பு முழுவதும் மண்ணுக்குப் போய்விடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. கீழே விழுந்ததில் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதனைப் பெற்றோரின் முகத்தைப் பார்த்தே நாங்கள் கற்றுக்கொண்டோம். ஆயினும், ஒரு பொருள் விழுந்தபின் நாம் என்ன செய்கின்றோம் என்பதைப் பொறுத்தே இழப்புக் கூடுவதும் குறைவதும் அமையும் என்னும் பாடத்தை எங்களுக்குக் கற்பித்தது பால் வாளியன்று. ஒரு நிழற்படக் கருவி.

நாங்கள் 1981ஆம் ஆண்டில் இப்பள்ளியின் ஆறாம் வகுப்பில் பயின்றவர்கள்; மொத்தம் பதினொரு பேர். அடுத்த சனவரியில் பட்டணத்துப் பள்ளியின் புகுமுக வகுப்பிற்குச் செல்லவிருந்தோம். அவ்வாண்டு மலரில் தோட்டத்தின் படங்களும் இடம்பெற வேண்டும் எனத் தலைமையாசிரியர் விரும்பினார். அக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவர் கிராணி ஐயா ஒருவரே. தம் சேமிப்பில் வாங்கிய அக்கருவியோடு அவரே முன்வந்து படமெடுக்க இசைந்தார்.

அது ஒலிம்பஸ் டிரிப் 35 என்னும் ஜப்பானியக் கருவி. 1967ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த வகை. அதற்கு மின்கலம் தேவையில்லை. வில்லையைச் சுற்றிலும் தேன்கூடு போன்ற வளையம் ஒன்றுண்டு. அதன் அடியிலுள்ள செலினியம் என்னும் பொருள், தன்மேல் படும் ஒளியையே சிறு மின்சாரமாக மாற்றி, வெளிச்சத்தின் அளவைக் கருவிக்கு உணர்த்தும். வெளிச்சம் போதாவிடில், பார்க்கும் துளையில் சிவப்புக் கொடியொன்று எழும், விசையும் அழுந்தாது. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் அக்கொடி எழுந்ததை எங்களுக்குக் காட்டி, “சூரியன் வரட்டும்; இவன் இருட்டில் வேலைக்குப் போகமாட்டான்” என்று கிராணி ஐயா சிரித்தது இன்றும் நினைவிலுள்ளது.

முதல் நாள், மரம் வெட்டுவோரையும் பால் நிறுவையையும் கோயிலையும் எடுத்தார். மறுநாள், பள்ளி வகுப்புகளை எடுத்துவிட்டு, ஆயாக் கொட்டகைக்குச் சென்றார். எங்கள் பதினொருவரையும் கைக்குழந்தைகளாகத் தொட்டிலில் ஆட்டி வளர்த்த ஆயா அங்கே இருந்தார். எழுபதைக் கடந்த அவரை அதுவரை எவரும் படமெடுத்ததில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அவர் நின்றார். அதன்பின் எங்கள் வகுப்பைப் பல கோணங்களில் எடுத்தார். மொத்தம் இருபத்திரண்டு படங்கள் ஆயின.

அப்பொழுது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அழைக்கவே, “பத்திரமாகத் தலைமையாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்” எனக் கூறிக் கருவியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிராணி ஐயா சைக்கிளில் விரைந்தார். தோல்வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேரே சென்றிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. ஆனால், ஒருமுறையேனும் அத்துளை வழியே பார்க்க வேண்டுமென்ற ஆவல் எல்லாருக்கும் இருந்தது. கருவி கைமாறிக் கைமாறிச் சென்றது. வாய்க்காலோரச் சிமெண்டுப் படியருகே, இரு கைகளுக்கிடையே அது நழுவியது.

புல்லில் விழுந்திருந்தால் புல்லும் மண்ணும் அமிழ்ந்து அடியைத் தாங்கியிருக்கும். சிமெண்டு சற்றும் இடங்கொடாது. அடி முழுவதும் பொருளின்மீதே இறங்கும். வில்லையின் முன்வளையம் படியின் விளிம்பில் மோதிற்று. கருவி ஒருமுறை புரண்டது. பின்மூடி திறந்துகொண்டது. உள்ளேயிருந்த படச்சுருள் நண்பகல் வெயிலில் பளபளத்தது.

ஓடிச் சென்று மூடினோம். தூசியைத் துடைத்தோம். வளையத்தில் நகத்தளவு நசுங்கல், வேறொன்றும் தெரியவில்லை. “சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்று எங்களுள் ஒரு குரல் எழுந்தது. அக்குரல் இன்னாருடையது என இன்று பிரித்துக் கூற இயலாது. எல்லார் நெஞ்சிலும் அதுவே ஒலித்தது. ஒரு கருவியின் விலை எங்கள் பெற்றோரின் எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்கிட்டுப் பார்த்து நடுங்கினோம். வேப்பமரத்தடியில் கருவியை நடுவில் வைத்து, அரைமணி நேரம் வாளாவிருந்தோம்.

பின்னர், பதினொருவரும் சேர்ந்தே தலைமையாசிரியரின் முன் நின்றோம். “நாங்கள் கீழே போட்டுவிட்டோம், ஐயா” என்றோம். “யார் போட்டது?” என்று அவர் வினவினார். “நாங்கள்” என்றே மீண்டும் கூறினோம். அவர் பிரம்பைத் தேடவில்லை. “பின்மூடி திறந்ததா?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றதும் மேசை விரிப்பை உருவிக் கருவியைப் பல சுற்றாகச் சுற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மூடியின் கொக்கி வளைந்து, மயிரிழை இடைவெளி இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார்.

அன்று மாலையே எங்களுள் இருவரை அழைத்துக்கொண்டு, பேருந்தேறிப் பட்டணத்து நிழற்படக் கடைக்குச் சென்றார். கடைக்காரரான சீனப் பெரியவர் சுருளைக் கழுவ இருட்டறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். தாளில் படம் அச்சிடும்போது சிவப்பு விளக்கு எரியலாம். சுருளைக் கழுவும்போதோ அதுவும் ஆகாது, முழு இருள் வேண்டும்.

நாங்கள் கலங்கியிருப்பதைக் கண்ட தலைமையாசிரியர் ஒரு வரலாறு கூறினார். 1897ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரே என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் வடதுருவத்தை அடைய நீர்வாயுக் கூண்டில் பறந்தனர். கூண்டு பனிமேல் இறங்கிவிட, மூவரும் நடந்தே திரும்ப முயன்று ஒரு தீவில் மாண்டனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1930இல், அவர்களின் உடல்களோடு படச்சுருள்களும் கிடைத்தன. ஹெர்ட்ஸ்பர்க் என்பார் அவற்றைப் பொறுமையோடு கழுவி, தொண்ணூற்று மூன்று படங்களை மீட்டார். வீழ்ந்து கிடந்த கூண்டின் படமும் அவற்றுள் ஒன்று. “பனியிலும் ஈரத்திலும் கிடந்தவையே மீண்டன. பொறுத்திருங்கள்” என்றார்.

பெரியவர் வெளியே வந்து, சொட்டும் சுருளை விளக்கின்முன் உயர்த்திப் பிடித்து மலாய் மொழியில் விளக்கினார். எடுத்த படங்கள் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றப்படும். முதலில் எடுத்தவை உட்புறம். கடைசியாக எடுத்தவை வெளிப்புறம். மூடி திறந்தவுடன் வெளிச்சுற்றுத்தான் வெந்துபோகும். ஒளி படும் நேரம் நீள நீள, அது அடுக்கடுக்காக உள்ளே இறங்கும். இருபத்திரண்டில் பதினைந்து பிழைத்திருந்தன. சிலவற்றின் ஓரத்தில் மட்டும் புகை படர்ந்திருந்தது. கடைசி ஏழும் போயின. “உடனே இருட்டில் வைத்திருந்தால் மூன்று நான்கோடு நின்றிருக்கும். இன்னும் தாமதித்திருந்தால் பாதிக்குமேல் போயிருக்கும்” என்றார் அவர்.

ஏழில் ஆறு எங்கள் வகுப்பின் படங்கள். ஏழாவது, ஆயாவின் படம்.

எங்கள் அரைமணி நேர மௌனம் எதனை விழுங்கிற்று என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

கருவியோ பிழைத்தது. கிராணி ஐயா அதனைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் உருளவில்லை. வில்லையை வெளிச்சத்தில் பார்த்தார், கீறல் இல்லை. உள்ளங்கையால் செலினிய வளையத்தை மூடி விசையை அழுத்தினார். சிவப்புக் கொடி எழுந்தது. கையை எடுத்து அழுத்தினார், ‘டிக்’ என்றது. உலோக உடல் காத்தது. முன்வளையம் அடியைத் தான் வாங்கிக்கொண்டு வில்லையைக் காத்தது. நசுங்கலையும் கொக்கியையும் அவரே நிமிர்த்திக்கொண்டார். சம்பள நாளில் ஆளுக்குச் சிறிது தருவதாக எங்கள் தந்தையர் அவர் வீட்டு வாசலில் நின்றபோது, ஒரு வெள்ளியும் வாங்க மறுத்துவிட்டார்.

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். அவர் எங்கள் தலைகளைத் தடவி, “போகட்டும் ராசா, அடுத்த தடவை நல்ல சேலையாகக் கட்டிக்கொள்கிறேன்” என்றார். பிறகு எடுக்கலாம் என்றே நாங்களும் எண்ணினோம். வகுப்பின் படத்தை அடுத்த மாதம் மீண்டும் எடுத்து மலரில் சேர்த்தோம். ஆயாவை எடுப்பது மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. 1983ஆம் ஆண்டு அவர் காலமானார். வீட்டில் மாலையிட்டு வைக்க ஒரு படமும் இல்லை. அவர் முகம் இன்று எங்கள் பதினொருவரின் நினைவில் மட்டுமே உள்ளது.

மாணவச் செல்வங்களே! இன்று உங்கள் வீடுகளில் கைப்பேசியே படக்கருவியாகவும் விளங்குகின்றது. அதுவும் கை நழுவும். அதன் கண்ணாடியும் உடையும். விழுந்ததனை மறைக்காதீர்கள். உடனே வந்து சொல்லுங்கள். சொல்லும் விரைவில்தான் மிஞ்சியதைக் காக்கும் வழி இருக்கின்றது. பெற்றோர்களே! அஞ்சாமல் வந்து சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், “யார் போட்டது?” என்பதோடு நில்லாமல், “இனி என்ன செய்யலாம்?” என்றும் கேளுங்கள். வீட்டிலுள்ள முதியோரைப் படமெடுப்பதை அடுத்த தடவைக்குத் தள்ளாதீர்கள்.

அன்று கருவியை நழுவவிட்டவர் யார் என்பதனை இன்றும் நாங்கள் ஒருவரிடமும் கூறியதில்லை. கேட்பவர்க்கு எங்கள் விடை ஒன்றே: நாங்கள்.