படம் அனுப்பினா பைசா போகுமா?

ஊர்ல அப்பா அம்மாவை விட்டுட்டு வெளி மாநிலத்துல ஆணி புடுங்குற என்னைப் போன்ற பொட்டி தட்டிகளுக்காக இந்தப் பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், காசு கேட்க மாட்டேன். காசைப் பத்தின பதிவுதான், ஆனா செல்போன் கம்பெனி கேட்காமலே எடுக்குற காசு.

செல்போன்ல படம் அனுப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வாட்ஸப் மாதிரி நெட் வழியாப் போறது. இன்னொண்ணு எம்.எம்.எஸ். படம் முதல்ல கம்பெனி சர்வருக்குப் போகும். அங்கேருந்து எதிராளி போனுக்கு "உனக்கு ஒரு படம் வந்திருக்கு"ன்னு தகவல் போகும். அப்புறம் அந்த போன் படத்தை இறக்கிக்கும். இதுக்குத் தனிக் கட்டணம். "தினம் 100 எஸ்.எம்.எஸ்."னு பேக்ல போட்டிருக்கே, அதுல பொதுவா எம்.எம்.எஸ். சேராது. மெயின் பேலன்ஸ்லதான் கை வைப்பாங்க.

2009ல பையனுக்கு ஒரு வயசு. நாங்க புனேயில, அம்மா கோவில்பட்டியில. தம்பி அம்மாவுக்கு ஒரு கலர் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். வாரம் ஒரு படம் எம்.எம்.எஸ்.ல அனுப்புவோம். அனுப்புறதுக்கு எங்க கணக்குல காசு போகும், அது தெரிஞ்ச கணக்கு. திடீர்னு ஒருநாள் அம்மா, "இனிமே படம் அனுப்பாத ராசா. உங்கப்பா போட்ட அம்பது ரூவா படம் பாத்தே தீந்துபோச்சு. நீ பேசு, அது போதும்"னாங்க. தங்கமணிக்கு முகம் வாடிப்போச்சு.

தம்பி கஸ்டமர் கேர்ல பேசிப் பேசி, கடைசியில விஷயம் வெளிய வந்துச்சு. "தினம் ஒரு சாமி படம்"னு ஏதோ ஒரு சேவை, மாசம் முப்பது ரூபா. அம்மா கேட்கவே இல்லை. ஏதோ ஒரு மெசேஜைத் திறந்தப்ப ஓகே அமுங்கியிருக்கும் போல. பழி என்னவோ பேரன் படத்து மேல. சேவையை நிறுத்தியாச்சு. ஆனா அம்மா மனசுல "படம்னா காசு"ங்கிற பயம் நிக்க, ஆறு மாசம் படத்தைத் திறக்கவே இல்லை. முப்பது ரூபாயை விடுங்க, பேரன் நடை பழகின ஆறு மாசத்தை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?

நம்மள மாதிரி நிறைய பேர் புலம்பியிருப்பாங்க போல. 2013ல டிராய் ஒரு உத்தரவு போட்டுச்சு: இந்த மாதிரி சேவையைத் தொடங்கணும்னா வாடிக்கையாளர்கிட்ட ரெண்டு தடவை சம்மதம் வாங்கணும். நிறுத்துறதுக்கு 155223ன்னு ஒரு பொது நம்பரும் உண்டு.

இப்ப எல்லார் கையிலயும் வாட்ஸப் இருக்கே, அப்புறம் என்னன்னு கேக்குறீங்களா? எம்.எம்.எஸ். சத்தமில்லாம உள்ளயே உக்காந்திருக்கு. கேலரியில படத்தைத் தொட்டு "ஷேர்" அமுக்கினா வர்ற வரிசையில வாட்ஸப் பக்கத்துலயே மெசேஜ் ஐகானும் இருக்கும். வயசானவங்க விரல் எதுல படும்னு சொல்ல முடியாது. அதனால அடுத்த தடவை லீவுல ஊருக்குப் போறப்ப, அவங்க போனை வாங்கி இதையெல்லாம் பண்ணிடுங்க (போனுக்கு போன் பேர் கொஞ்சம் மாறும்):

1. ஆண்ட்ராய்டு மெசேஜ் செயலியில 'குரூப் மெசேஜிங்'னு ஒரு அமைப்பு இருக்கும். அதை எஸ்.எம்.எஸ்.னு மாத்துங்க. இல்லேன்னா நாலு பேருக்குச் சேர்த்து அனுப்புற வெறும் "பொங்கல் வாழ்த்து" கூட எம்.எம்.எஸ்.ஸா மாறிடும்.

2. ஆர்.சி.எஸ். சாட் நெட் வழியாப் போகும். ஆனா அது போகலேன்னா எம்.எம்.எஸ்.ஸா தானே திரும்ப அனுப்புற வசதி ஒண்ணு இருக்கும். அதை அணைச்சிடுங்க.

3. அனுப்புற பட்டன் பக்கத்துல எம்.எம்.எஸ்.னு எழுத்து வந்தா அமுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுங்க.

4. ஐபோன்னா, மெசேஜ் அமைப்புல எம்.எம்.எஸ்.ஸை அணைக்கலாம். ஐமெசேஜைத் தொடங்கும்போது வெளிநாட்டுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். சத்தமில்லாமப் போகும். புது ஐபோன்ல சிம் போட்டதும் சில ரூபா குறைஞ்சா அதுதான் காரணம், பயப்படாதீங்க.

5. அப்பா அம்மா வெளிநாடு போறாங்கன்னா, 'ரோமிங்கில் எம்.எம்.எஸ். தானாக இறக்கு'ங்கிறதை அணைச்சு அனுப்புங்க.

அப்படியும் காசு போனா? பிரீபெயிடுக்கும் கணக்கு கேட்கலாம்ங்கிறது பலருக்குத் தெரியாது. 2012ல வந்த டிராய் விதிப்படி, கடைசி ஆறு மாசத்துக்குள்ள எந்தக் காலத்துக்கும் விவரமான பயன்பாட்டுக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். அதுக்குக் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டக் கூடாது. எது எடுத்துச்சு, எப்ப எடுத்துச்சுன்னு தெரிஞ்சா சண்டை போட வசதி.

எல்லாத்தையும் முடிச்சிட்டு, பக்கத்துல உக்காந்து ஒரு படத்தைத் திறந்து காட்டுங்க. பார்க்குறதுக்கு முன்னாடி பேலன்ஸ், பார்த்ததுக்கு அப்புறம் பேலன்ஸ், ரெண்டையும் அவங்களையே படிக்கச் சொல்லுங்க. நாம பத்து தடவை வாயால சொல்றதை விட, மாறாத அந்த நம்பரைத்தான் அவங்க நம்புவாங்க.